ஜிம்மி நோலனின் இடது கை

மேடைக்குப் பின்னால் - வாரத் தொடர்

1970 மார்ச். அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்துக் கொலம்பஸ் நகரம். ஜேம்ஸ் பிரவுன் பாடப்போகிறார் என்று கூட்டம் வந்து உட்கார்ந்தாகிவிட்டது. உள்ளே வாத்தியக்காரர்கள் மேடை ஏற மறுக்கிறார்கள். சம்பளம், அபராதம், மரியாதை என்று நாள்பட்ட மனக்கசப்பு. கேட்டதைக் கொடுத்தால் வாசிக்கிறோம், இல்லாவிட்டால் இல்லை என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

பிரவுன் பேரம் பேசுகிற ஆள் இல்லை. தன் சொந்த விமானத்தைச் சின்சினாட்டிக்கு அனுப்பினார். அங்கே சிறு கிளப்புகளில் வாசித்துப் பிழைத்துக்கொண்டிருந்த 'பேஸ்மேக்கர்ஸ்' என்ற இளவட்டக் குழுவை அப்படியே அள்ளிப்போட்டுக்கொண்டு விமானம் திரும்பியது. பேஸ் கிடார் வாசித்த பூட்ஸி காலின்ஸுக்கு வயது 18. கிடார் வாசித்தவர் அவருடைய அண்ணன், 'கேட்ஃபிஷ்' என்று அழைக்கப்பட்ட ஃபெல்ப்ஸ் காலின்ஸ். நேரம் கடந்துதான் என்றாலும் அன்றைய நிகழ்ச்சி நடந்தது. பழைய குழு வீட்டுக்குப் போனது.

அப்படிப் போனவர்களில் ஒருவர் ஜிம்மி நோலன். ஃபங்க் என்ற இசைக்குக் கிடார் எப்படி ஒலிக்கவேண்டும் என்பதைத் தீர்மானித்தவர் யார் என்று கேட்டால், இசை தெரிந்தவர்கள் முதலில் சொல்லும் பெயர் அவருடையதுதான். தனக்கென்று ஒரு குழு அமையாமல் பல வருடம் அலைந்து, 31-வது வயதை எட்டும் நேரத்தில் அது கிடைத்து, ஐந்து வருடம் கழித்துத் தானாகவே விட்டுவிட்டு வெளியேறினார். ஏன் அலைந்தார், கிடைத்த இடத்தில் என்ன செய்தார், விட்ட பிறகு என்ன ஆனது என்பதுதான் இந்த வாரம்.

போன வாரம் நாம் பார்த்த ஜாஸ் கிடாரிஸ்ட் சார்லி கிறிஸ்டியன் வளர்ந்த அதே ஓக்லஹோமா சிட்டியில்தான் 1934 ஏப்ரல் 3-ஆம் தேதி நோலன் பிறந்தார். சிறு வயதில் கையில் எடுத்தது வயலின். பதினான்கு வயது வாக்கில் கிடாருக்கு மாறினார். மாற்றியவர் டி-போன் வாக்கர். மின்கிடாரை ப்ளூஸுக்குள் கொண்டுவந்த பெரியவர்களில் முக்கியமானவர். பாடகருக்குச் சமமாகக் கிடாரும் பாடும் என்று காட்டியவர். கிடாரைத் தலைக்குப் பின்னால் தூக்கிப் பிடித்து வாசிக்கும் வித்தைக்காரரும்கூட. அந்தக் காலத்தில் டெக்சாஸ், ஓக்லஹோமா பக்கம் கிடார் பிடித்த பையன்கள் எல்லோருக்கும் இன்னொரு டி-போன் ஆகவேண்டும் என்பதே கனவு. நோலனுக்கும் அதுதான்.

துல்சாவில் வாசித்துக்கொண்டிருந்தவரை ப்ளூஸ் பாடகர் ஜிம்மி வில்சன் கண்டெடுத்து லாஸ் ஏஞ்சல்ஸுக்கு அழைத்துப்போனார். அங்கே நோலனுக்குச் சொந்தப் பெயரிலேயே இசைத்தட்டுகள் வந்தன. 1956-ஐ ஒட்டி ஃபெடரல் என்ற கம்பெனி அவற்றை வெளியிட்டது. ஃபெடரல், சின்சினாட்டியில் இருந்த கிங் ரெகார்ட்ஸின் கிளை. அதே 1956-ல் அதே ஃபெடரல் இன்னொரு புதுப் பையனின் முதல் தட்டையும் வெளியிட்டது. பாட்டின் பெயர் 'ப்ளீஸ், ப்ளீஸ், ப்ளீஸ்'. பையனின் பெயர் ஜேம்ஸ் பிரவுன். ஒரே கம்பெனியின் முத்திரையோடு இருவர் தட்டும் கடைக்கு வந்தன. ஒருவர் மேற்குக் கரையில், மற்றவர் ஜார்ஜியாவில். பிரவுனின் தட்டு விற்றுத் தீர்ந்தது. நோலனுடையது கடையிலேயே கிடந்தது.

அந்தத் தட்டுகளை இப்போது கேட்டால் சுத்தமான கை, சுருதி பிசகாத வாசிப்பு, நல்ல துள்ளல் எல்லாம் இருக்கிறது. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் டி-போனின் நல்ல சீடர் ஒருவர் வாசிக்கிறார் என்றுதான் தோன்றும். அப்படிப்பட்ட சீடர்கள் அன்று லாஸ் ஏஞ்சல்ஸில் ஏராளம்.

1957-ல் ஜானி ஓடிஸ் குழுவில் இடம் கிடைத்தது. ஓடிஸ் ஒரு தனிப் பிறவி. கிரேக்கக் குடியேறிகளின் மகன். கறுப்பர் குடியிருப்பில் வளர்ந்து, தன்னைக் கறுப்பராகவே கருதி வாழ்ந்தவர். டிரம்ஸ், வைப்ரஃபோன், பாட்டு, குழு நடத்துவது, புது ஆள் கண்டுபிடிப்பது என்று எல்லாமும் செய்வார். அவரிடம் கிடார் வாசித்துக்கொண்டிருந்த பீட் லூயிஸின் இடத்துக்கு நோலன் வந்தார். மறுவருடம், 1958-ல், 'வில்லி அண்ட் த ஹேண்ட் ஜைவ்' பதிவானது. நாடெங்கும் ஓடிய பாட்டு. இதில் கிடார் தனி ஆவர்த்தனம் எதுவும் பிரமாதமாகச் செய்வதில்லை. போ டிட்லி பிரபலமாக்கிய அந்தக் குலுக்குத் தாளத்தை விடாமல் பிடித்துக்கொண்டு பாட்டை உருட்டிக்கொண்டு போகிறது. கேட்பவர்கள் கைதட்டுவது கிடாரின் தாளத்துக்குத்தான். தான் பெரிதாக நினைத்த தனி வாசிப்பு தட்டு விற்க உதவவில்லை, கூட்டத்தோடு சேர்ந்து தாளம் போட்டபோது பாட்டு ஊரெல்லாம் ஓடியது. இதை நோலன் அப்போதே கவனித்தாரா என்பதைக் காட்டும் பேட்டி எதுவும் என் கண்ணில் படவில்லை. கை கவனித்திருக்கிறது என்பது பின்னால் தெரிகிறது.

பிறகு சில வருடங்கள் வந்த வேலை போன வேலைதான். ஹார்மோனிகா வாசிக்கும் ஜார்ஜ் ஸ்மித்தோடு, இன்னும் யார் யாரோடோ. 1965 தொடக்கத்தில் ஜேம்ஸ் பிரவுனின் கிடாரிஸ்ட் லெஸ் பூயி விலகினார். நோலன் உள்ளே போனார்.

போன சூட்டோடு நடந்தது அந்தப் பதிவு. 1965 பிப்ரவரி. குழு ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்குக் கச்சேரிக்குப் போகிற வழியில் வட கரோலினாவின் ஷார்லட்டில் ஆர்தர் ஸ்மித் என்பவரின் ஸ்டூடியோவில் இறங்கியது. பஸ்ஸில் வந்த களைப்போடு வாசித்தார்கள். ஏழு நிமிடப் பாட்டு. பின்னால் டேப்பின் வேகத்தைக் கொஞ்சம் கூட்டி, இரண்டாக வெட்டி, சின்னத் தட்டின் இரண்டு பக்கத்திலும் போட்டு விற்றார்கள். 'பாப்பாஸ் காட் எ ப்ராண்ட் நியூ பேக்'. கறுப்பர் இசைப் பட்டியலில் 8 வாரம் முதலிடம்; பிரவுனுக்கு முதல் கிராமி விருது.

பாட்டில் ஓர் இடம் வரும். கொம்பு வாத்தியங்கள் ஒரே வெட்டாக வெட்டி நிறுத்த, எல்லோரும் வாய் மூடிக்கொள்ள, அந்த வெற்றிடத்தில் கிடார் மட்டும் சரசரவென்று ஒரு கார்டைச் சொரிந்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். சில விநாடிகள்தான். நோலனுக்குக் கிடைத்த மொத்த வெளிச்சமும் அதுவே. ஆனால் அந்தச் சில விநாடியைக் கேட்டவர்கள், அதற்குப் பிறகு கிடாரைப் பிடித்த விதமே மாறியது.

அவர் என்ன செய்தார் என்பதைக் கிடார் தெரியாதவர்களுக்கும் சொல்லிவிடலாம். வழக்கமாகக் கிடாரில் கார்டு வாசிப்பவர் இடது கையால் தந்திகளை அழுத்திப் பிடித்துக்கொண்டு வலது கையால் மீட்டுவார். ஓசை நீண்டு ஒலிக்கும். நோலன் அழுத்திய விரலை உடனே தளர்த்திவிடுவார். விரல் தந்தியை விட்டு விலகாது, ஆனால் அழுத்தமும் இருக்காது. அப்போது சுரம் செத்து 'சக்' என்ற ஓசை மட்டும் மிஞ்சும். வலது கை ஒரு அட்சரத்தை நாலாகப் பிரித்து மேலும் கீழுமாக நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்க, எந்த அடியில் சுரம் கேட்கவேண்டும், எந்த அடியில் வெறும் சக் கேட்கவேண்டும் என்பதை இடது கை தீர்மானிக்கிறது. கோழி மண்ணைக் கிளறுகிற மாதிரி இருக்கிறது என்று அமெரிக்காவில் இதற்குக் 'கோழிக் கீறல்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். கார்டும் வழக்கமான மூன்று சுரக் கார்டு இல்லை. ஜாஸ்காரர்கள் கையாண்ட நைன்த் கார்டு. அதில் ஒரு காரம் இருக்கும், முடிவு இருக்காது. எங்கேயும் போய்ச் சேராமல் தொங்கிக்கொண்டே இருக்கும் என்பதால், ஒரே கார்டிலேயே ஐந்து நிமிடம் ஓட்டினாலும் அலுக்காது.

ஆக, ஆறு தந்தி வாத்தியம் கஞ்சிரா ஆகிவிட்டது. பிரவுனுக்கு வேண்டியதும் இதுதான். அவர் குழுவில் எல்லா வாத்தியமும் தாள வாத்தியமே என்று அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். அமெரிக்க நடன இசை அதுவரை இரண்டாவது, நாலாவது அடிகளில் அழுத்தம் கொடுத்துவந்தது. பிரவுன் முதல் அடிக்கு மாற்றினார். நம் தாளக்காரர்களிடம் சமம் என்று சொன்னால் போதும், புரிந்துகொள்வார்கள். எங்கே சுற்றினாலும் சமத்தில் அத்தனை பேரும் வந்து இறங்கவேண்டும். நடுவில் என்ன பின்னல் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். அந்த நடு இடத்தை நிரப்பும் வேலை நோலனுடையது.

1967 மே மாதம் சின்சினாட்டியில் பதிவான 'கோல்ட் ஸ்வெட்' இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனது. சாக்ஸஃபோன்காரர் பீ வீ எல்லிஸ் மைல்ஸ் டேவிஸைக் கேட்டு ஊறியவர். பிரவுன் உறுமியும் முனகியும் சொன்ன தாளத்தைச் சுரமாக எழுதிக் கொடுத்தவர் அவர். டிரம்ஸில் கிளைட் ஸ்டபிள்ஃபீல்ட். கிடார் இரண்டு: நோலன், அல்ஃபோன்சோ கெல்லம். இரண்டு பேரும் ஒன்றையே வாசிக்கமாட்டார்கள். ஒருவர் விட்ட இடைவெளியில் மற்றவர் நுழைவார். சரணத்தில் கார்டு மாறுவதே இல்லை. ஒரு ராகத்திலேயே ஒரு மணி நேரம் நிற்கப் பழகிய காதுக்கு இதில் அதிசயம் ஒன்றுமில்லை, ஆனால் மூன்று நிமிடத்துக்குள் ஏழெட்டுக் கார்டு மாறிப் பழகிய அமெரிக்க வானொலிக்கு இது அதிர்ச்சி.

இனி அபராதக் கதை. பிரவுன் மேடையில் ஆடிக்கொண்டே இருப்பார். யாராவது ஒரு சுரம் தப்பினால் ஆட்டத்தை நிறுத்தாமல் அவர் பக்கம் திரும்பிக் கை விரல்களை விரித்துக் காட்டுவார். கூட்டம் அதையும் ஆட்டம் என்று நினைத்துக் கைதட்டும். அது அபராதக் கணக்கு என்பது வாத்தியக்காரருக்குத் தெரியும். செருப்பு பளபளக்கவில்லை, சட்டை கசங்கியிருக்கிறது, வர நேரமாகிவிட்டது, எல்லாவற்றுக்கும் தண்டம். வருடத்தில் முந்நூறு நாளுக்கு மேல் ஊர் ஊராகச் சுற்றும் குழுவில் இது எப்படி இருந்திருக்கும்? ஓடிஸிடம் நோலன் இதைவிட நிம்மதியாக இருந்திருப்பார். ஆனால் ஓடிஸிடம் இருந்தவரை அவர் டி-போனின் சீடர். பிரவுனிடம் வந்த சில வாரத்தில் ஜிம்மி நோலன். இடைவெளியை வைத்துவிட்டு அதை நிரப்பு என்று சொல்லும் முதலாளி வேறெங்கும் அவருக்குக் கிடைக்கவில்லை.

வெளியேறிய பிறகு நடந்தது இதை உறுதி செய்கிறது. சாக்ஸஃபோன்காரர் மேசியோ பார்க்கர் தலைமையில் பழைய ஆட்கள் 'மேசியோ அண்ட் ஆல் த கிங்ஸ் மென்' என்று சேர்ந்தார்கள். அபராதம் கிடையாது, அதட்டல் கிடையாது. 1970-லேயே ஓர் ஆல்பம் போட்டார்கள். வாசிப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை; நோலனின் கீறலும் அப்படியே இருக்கிறது. விற்கவில்லை. நான் கேட்டவரை அதில் இல்லாதது ஒரு பயம். பிரவுனின் தட்டுகளில் எல்லோரும் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து வாசிப்பது கேட்கும். இதில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார்கள். 1972-ல் நோலன் பிரவுனிடமே திரும்பினார்.

அவர் விட்டுப்போன நாற்காலியில் உட்கார்ந்த கேட்ஃபிஷ் காலின்ஸின் கதை நேர் எதிர். வந்த சில வாரத்தில், 1970 ஏப்ரலில், நாஷ்வில்லில் 'செக்ஸ் மெஷின்' பதிவு. அதில் கேட்ஃபிஷ் வாசிப்பது நோலன் போட்ட பாதையில்தான், ஆனால் இன்னும் இளசான, இன்னும் மெலிந்த ஓசை. உலகம் முழுக்க அந்தப் பாட்டு ஓடியது. இருந்தும் அண்ணன் தம்பிக்கு அந்தப் பட்டாளத்து ஒழுங்கு ஒத்துவரவில்லை. 1971-ல் கிளம்பி, அடுத்த வருடம் ஜார்ஜ் கிளிண்டனின் ஃபங்கடெலிக்கில் சேர்ந்தார்கள். அங்கே இஸ்திரி போட்ட சட்டையைப் பற்றி யாரும் கேட்பதில்லை. அவர்களுக்கான வீடு அதுதான்.

இன்னொருவரையும் போகிற போக்கில் சொல்லிவிடவேண்டும். நியூயார்க்கில் 1952-ல் பிறந்த நைல் ராட்ஜர்ஸ். குழந்தைகளுக்கான 'செசமி ஸ்ட்ரீட்' நிகழ்ச்சியின் ஊர் சுற்றும் குழுவில் தொடங்கி, ஹார்லெமின் அப்போலோ தியேட்டரில் வருகிற பாடகர்களுக்கெல்லாம் வாசிக்கும் நிலையக் குழுவுக்கு வந்தவர். 1970-ல் பெர்னார்ட் எட்வர்ட்ஸ் என்ற பேஸ் கிடார்காரரைச் சந்தித்தார். கையிலிருந்த பருத்த ஜாஸ் கிடாரைத் தூக்கிப்போட்டுவிட்டு ஸ்ட்ராட்டோகாஸ்டர் வாங்கச் சொன்னதே எட்வர்ட்ஸ்தான். ராட்ஜர்ஸ் மயாமியில் ஓர் அடகுக்கடையில் மாற்றிக்கொண்ட ஸ்ட்ராட்டோகாஸ்டரில்தான் 1977-க்குப் பிறகு 'ஷீக்' குழுவின் அத்தனை வெற்றிப் பாட்டுகளும் வந்தன. நோலன் தேடியது ஒரு முதலாளியை என்றால் ராட்ஜர்ஸ் தேடியது ஒரே ஒரு ஆளை. 1996-ல் டோக்கியோவில் கச்சேரி முடித்த கையோடு எட்வர்ட்ஸ் இறந்துபோகும்வரை அந்தக் கூட்டு நீடித்தது.

இந்த வாரக் கட்டுரையைத் திக்லிபூரில் இருந்து எழுதுகிறேன். அந்தமானில் வடக்கே கடைசியாக வரும் பெரிய ஊர். ஸ்ரீ விஜயபுரம் என்று இப்போது பெயர் மாறியிருக்கும் போர்ட் பிளேரிலிருந்து 300 கிலோமீட்டர் அளவில் பேருந்துப் பயணம்; ஜார்வா காப்புக்காட்டுக்குள் வண்டிகள் வரிசை கட்டித்தான் போகவேண்டும், நடுவில் வண்டியோடு படகேறிக் கடலைக் கடக்கவேண்டும். கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து வந்தவர்களைக் குடியமர்த்திய ஊர் என்பதால் கடைவீதியில் வங்காளம்தான் அதிகம். தமிழும் தெலுங்கும் இடையிடையே காதில் விழும். பேருந்தில் ஓடிய பாட்டுகளும் அப்படியே, மும்மொழிக் கலவை. தமிழ்ப் பாட்டு ஒன்று வந்தது, 80-களின் தொடக்கத்துப் பாட்டு. இடையிசையில் அதே சக்-சக்-சக். பக்கத்தில் இருந்தவர் தூங்கிக்கொண்டிருந்தார். நான் நோலனை நினைத்துக்கொண்டேன்.

அந்த ஓசையை வாசித்த சென்னைக் கைகளுக்கு எந்தக் குழு கிடைத்தது? நம் ஊரில் கிடார் வாசிப்பவருக்கு பேண்ட் என்பது பெரும்பாலும் சாப்பாடு போடாத சங்கதி. தேவாலயத்தில் கற்று, ஹோட்டலிலும் கல்யாண வரவேற்பிலும் மெல்லிசைக் குழுவிலும் வாசித்துவிட்டு, கடைசியில் வந்து சேரும் இடம் ரெகார்டிங் தியேட்டர். எம்.எஸ். விஸ்வநாதனிடம் கிடார் பிலிப் இருந்தார். அவர் கையைக் கேட்காத தமிழர் இருக்கமுடியாது. அவர் முகத்தைப் பார்த்தவர் எத்தனை பேர்?

அப்படிக் கால்ஷீட்டுக்கு வாசிக்க வந்தவர்களில் ஒருவர்தான் பண்ணைப்புரத்து ராசய்யா, பின்னாளைய இளையராஜா. 1968-ல் சென்னை வந்து, தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்று, லண்டன் டிரினிட்டி கல்லூரியின் தேர்வில் கிளாசிக்கல் கிடாருக்குத் தங்கப் பதக்கம் வாங்கியவர். சலில் சௌத்ரிக்கு வாசித்தார், ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்தார். எட்டு வருடம் மற்றவர்கள் குழுவில் கிடார் பிடித்தவருக்கு 1976-ல் 'அன்னக்கிளி' வந்தபோது தேடிய குழு கிடைத்தது: அவரே அமைத்தது. ஃபங்க் கிடாரிஸ்ட் என்று அவரைச் சொல்வது வம்பு. ஆனால் அவருடைய குழுவில் கிடாருக்கும் பேஸுக்கும் கிடைத்த இடம், தமிழ் சினிமாவில் அதற்கு முன் கிடைக்காதது. கிடாருக்குச் சதானந்தம் என்ற சதா, ஆர். சந்திரசேகர், பேஸுக்குச் சசி, டிரம்ஸில் சந்திரசேகரின் சகோதரர் புருஷோத்தமன். அவருடைய 100-வது படமான 'மூடுபனி'யில் (1980) பிரதாப் போத்தன் கிடாரோடு பாடுகிற காட்சியை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்தக் கிடார் சந்திரசேகருடையது.

அமெரிக்கக் குழுவுக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. பிரவுன் தாளத்தை வாயால் சொல்வார். வாத்தியக்காரர் தேடித் தேடி தன் பங்கைக் கண்டுபிடிக்கவேண்டும். நோலனின் கீறல் அப்படித் தேடிக் கிடைத்தது. இளையராஜாவிடம் ஒவ்வொருவருக்கும் எழுதிய தாள் கைக்கு வந்துவிடும். தாளில் உள்ளதைப் பிசகாமல், உயிரோடு வாசிப்பதே திறமை. இரண்டிலும் எது உசத்தி என்ற விவாதத்துக்கு நான் வரவில்லை. சதாவும் சசியும் தாளில் இல்லாத அழுத்தத்தையும் தளர்ச்சியையும் எப்படிக் கொடுத்தார்கள் என்று யாராவது ஒரு கிடார்காரர் உட்கார்ந்து எழுதினால் முதல் பிரதியை நான் வாங்கிக்கொள்கிறேன். அந்தக் காலக் கேசட் அட்டைகளில் அவர்கள் பெயர் அச்சாகும் வழக்கமே இல்லை.

இதற்கிடையில் தமிழ்த் திரையில் பேண்ட் என்ற கனவு 1979-லேயே வந்துவிட்டது. பாலசந்தரின் 'நினைத்தாலே இனிக்கும்'. ஊர் ஊராகப் பாடும் குழு, சிங்கப்பூர் பயணம், கமல் பாடகர், ரஜினி கிடார். எம்.எஸ்.வி.யின் இசை. ரஜினி கிடாரைத் தோளில் மாட்டிக்கொண்டு நிற்கும் அழகைப் பார்த்து அந்த வருடம் கிடார் வகுப்பில் சேர்ந்த பையன்கள் கொஞ்சநஞ்சம் இல்லை. திரையில் கிடார் பிடிப்பவர் கதாநாயகன் ஆகிறார். தியேட்டரில் கிடார் பிடிப்பவர் ஒரு மணிக்குக் கால்ஷீட் முடிந்ததும் கிடாரைப் பெட்டியில் வைத்துக்கொண்டு அடுத்த தியேட்டருக்குப் போகிறார்.

நோலன் 1972-ல் திரும்பியவர், மறுபடி விலகவே இல்லை. 'த பேபேக்' போன்ற பிற்காலப் பாட்டுகளிலும் அவர் கைதான். டிஸ்கோ வந்து பிரவுனின் மவுசு இறங்கிய வருடங்களிலும் அதே ஓரத்தில் நின்று அதையே வாசித்தார். 1983 டிசம்பர் 18-ஆம் தேதி அட்லாண்டாவில் மாரடைப்பில் இறந்தபோது வயது 49. இரண்டு வருடம் கழித்து பிரவுன் 'லிவிங் இன் அமெரிக்கா' மூலம் மீண்டும் பட்டியலில் ஏறினார். 1986-ல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் முதன்முதலாக இசைக்காரர்களைச் சேர்த்தபோது அந்த முதல் வரிசையிலேயே அவர் பெயர் இருந்தது. 2006 கிறிஸ்துமஸ் அன்று பிரவுன் இறக்கும்வரை அந்த ஓரத்தில் வேறு வேறு கிடாரிஸ்டுகள் வந்து நின்றார்கள். பழைய பாட்டுகளைப் பாடாமல் பிரவுன் மேடையை விட்டு இறங்கமாட்டார் என்பதால், வந்தவர்கள் எல்லோரும் முதலில் மனப்பாடம் செய்யவேண்டியிருந்தது 1965-ல் ஷார்லட்டில் நோலன் சொரிந்த அந்தச் சில விநாடிகளை.

அடுத்த வாரம், இதே குழுவில் நோலனுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த கிளைட் ஸ்டபிள்ஃபீல்ட். அவர் வாசித்த டிரம்ஸ் துண்டு ஒன்று அவருக்கு ஒரு காசும் தராமல் ஆயிரக்கணக்கான பாட்டுகளுக்குள் போன கதை.

(தொடரும்)